மெஷினுக்காக வெள்ளையடித்த லைன்

நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ஒரு ரயில் லைனுக்குப் போகும்முன் அங்கே தண்டவாளம் பராமரிக்கும் கேங்குக்குத் தகவல் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் தண்டவாளத்தில் கால் வைக்கக்கூடாது. ஆனால் அதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "எங்களுக்காக எதையும் சுத்தம் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். இது உங்கள் பாடத்தில் இருக்காது. அதனால்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் ஒதியம்பட்டுக்காரி. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகிற பாதையில் கேங்கில் வேலை பார்த்தவள். வீட்டுக்காரர் பணியில் இருக்கும்போதே போய்விட்டதால் அந்த வேலை எனக்கு வந்தது. படிப்பு எனக்குக் குறைவு. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன், அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் ஜல்லி தள்ளிய பாதையில் என் காலத்தில் ஒரு வண்டியும் தடம் இறங்கியதில்லை. இந்தப் பெருமையை யார் முன்னாலும் நான் குறைத்துச் சொன்னது கிடையாது, உங்கள் முன்னாலும் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தபோது இந்த சர்வே வேலை வந்தது. அளக்கிறவர்கள் குனிந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டி வருகிறதா என்று பார்த்து விசில் ஊத, லைன் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அங்கே தலைவி சோரியாங்குப்பத்துப் பெண் ஒருத்தி. டிப்ளமோ படித்தவள். என் மகளைவிடச் சின்னவள். ஆனாலும் இந்த வேலையில் எனக்கு வாத்தியார் அவள்தான்.

முதல் வாரத்திலேயே என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா" என்றேன்.

"கலர் தெரியுமில்லக்கா?"

"கலர் தெரியாம எத்தினி வருசம் கொடி புடிச்சேன்?"

"அப்ப உக்காருங்க. அது போதும்."

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயமில்லை. டிராலியின்மேல் வைத்த மெஷின் சுற்றிச் சுற்றி ஒளியை வீசிக்கொண்டே போகிறது. அது பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி. தண்டவாளம், பிளாட்பாரம், கம்பம், மரம், பக்கத்தில் மேயும் ஆடு எல்லாமே திரையில் புள்ளியாக வந்து நிற்கும். அந்தப் புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே, ஓடப்போகிற வண்டியின் உருவத்தை ஒரு பெட்டி மாதிரி வைத்து, லைனோடு லைனாகத் தள்ளிக்கொண்டு போவோம். நெல் மூட்டையை அணைத்துக்கொண்டு குறுகலான சந்தில் போகிறவனுக்கு முழங்கை எங்கே உரசும் என்று முன்கூட்டியே பார்ப்பது போலத்தான். உரசாத இடம் பச்சை. நெருக்கமான இடம் மஞ்சள். இடிக்கிற இடம் சிவப்பு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. மௌஸைப் பிடிக்கத்தான் ஒரு மாதம் ஆயிற்று. சம்மட்டி பிடித்த கை. மௌஸ் அதில் எலிக்குஞ்சு மாதிரி நழுவிக்கொண்டே இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

துணை மின்நிலையத்துக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் ரயிலில் வரப்போகிறது என்றார்கள். சாதாரண வண்டியைவிட அகலம், உயரமும் கூட. நடுவில் பள்ளமாக இருக்கும் தனி வேகனில் ஏற்றி, ஆள் நடக்கிற வேகத்தில் கொண்டுவருவார்கள். அது வருகிற வழியெல்லாம் எங்கேயாவது இடிக்குமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. அந்தப் பாதையில் நான் வேலை பார்த்த பழைய கேங்கின் எல்லையும் வந்தது. அங்கே வில்லியனூரைத் தாண்டி ஒரு சின்ன ஹால்ட். ஒரு பிளாட்பாரம், ஒரு தகரக் கூரை, கூரையின் கீழே இரண்டு பெஞ்சு, டிக்கெட் கொடுக்க ஒரு ஏஜென்ட், அவ்வளவுதான்.

நான் வருகிறேன் என்று கேங் மேஸ்திரிக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் எனக்கு மூத்தவர் இல்லை, இரண்டு வயது இளையவர்தான். ஆனாலும் வேலையில் எனக்கு முன்னால் சேர்ந்தவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நான் கேங்குக்கு வந்த புதிதில், "பொம்பளைங்க இதுக்கெல்லாம் லாயக்கில்ல" என்று நாலு பேர் சொன்னபோது, "அந்தம்மா சம்மட்டி தூக்கலன்னா நான் கேக்கறேன், நீங்க உங்க சம்மட்டியத் தூக்குங்கடா" என்று அடக்கியவர் அவர்.

ஸ்கேன் செய்யப் போன அன்று ஹால்ட்டில் இறங்கியதும் எனக்கே இடம் அடையாளம் தெரியவில்லை. லைனை ஒட்டிய முட்புதர் ஒன்றுகூட இல்லை. ஜல்லி சீவி விட்டது போல ஒரே மட்டம். பிளாட்பார ஓரமும் எல்லைக்கற்களும் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்றன. மேஸ்திரி தேய்த்த சட்டையில் இருந்தார். பின்னால் கேங் மொத்தமும் வரிசையாக. ஒருத்தன் கையில் சாமந்தி மாலை, இன்னொருத்தன் கையில் எலுமிச்சம்பழம்.

"நம்ம அக்கா மெஷின் கொண்டாருதுடா. சும்மா வுட்டுடுவமா?" என்றார் மேஸ்திரி.

மாலையை டிராலிக்குப் போட்டார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். மேஸ்திரி சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்துக்கொண்டு ஸ்கேனரின் கண்ணாடி பக்கம் விரலை நீட்டவும், சோரியாங்குப்பத்துப் பெண் குறுக்கே பாய்ந்தாள்.

"அய்யய்யோ அண்ணா! அதுல பொட்டு வக்காதீங்க!"

"பின்ன எங்கம்மா வக்கிறது? இதுக்கு நெத்தி எங்க இருக்குது?"

"நெத்தியே கெடையாதுண்ணா. முழுக்கக் கண்ணுதான்."

"கண்ணு மட்டும்தானா? எங்க மாமியா மாதிரி இருக்குதே" என்றான் பின்னாலிருந்த ஒருவன். கேங் சிரித்தது. கடைசியில் பொட்டு டிராலியின் கைப்பிடிக்குப் போயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை மரியாதையோடு எந்த அதிகாரியையும் அந்த ஹால்ட்டில் வரவேற்று நான் பார்த்ததில்லை. வண்டி வருகிறதா என்று பார்க்க நான் வளைவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மெஷின் சுற்றிக்கொண்டே போயிற்று. வேலை சீக்கிரம் முடிந்தது.

அடுத்த வாரம் வில்லியனூரில் எங்கள் அறையில் உட்கார்ந்து பெட்டியைத் தள்ளினோம். பச்சை. இன்னும் பச்சை. ஹால்ட்டைத் தாண்டும்போதும் பச்சை. நான் அவள் முதுகில் தட்டி, "எங்க கேங் லைனு எப்படி?" என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ரொம்ப நல்லா இருக்குதுக்கா. அதான் பயமா இருக்குது."

அவள் திரையை வேறு மாதிரி மாற்றினாள். ஒளி எங்கே பட்டு எவ்வளவு பலமாகத் திரும்பி வந்தது என்று காட்டும் படம் அது. பழைய கல் மங்கலாகத் தெரியும், புதிய வெள்ளை பளீரென்று எரியும். அந்த ஹால்ட்டின் கற்களெல்லாம் கார்த்திகை விளக்கு வைத்தது போல எரிந்தன.

"தோ பாருங்க. எல்லாம் நாம போறதுக்கு மொத நாள் அடிச்ச சுண்ணாம்பு. நாம எடுத்தது அந்த லைனோட எல்லா நாளும் இல்லக்கா. அந்த ஒரு நாள்தான்" என்றாள்.

இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் கேங் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் செய்வதைத்தான் செய்யும். உடைந்த நாற்காலியைப் பின்கட்டில் போட்டுவிடும். மெஷின் வந்ததையும் அவர்கள் இன்ஸ்பெக்‌ஷன் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குறை கண்டுபிடிக்க வந்த மெஷினிடம் குறையை மறைத்தால் அது என்ன செய்யும், பாவம்?

அவள் படத்தைத் திருப்பிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். தகரக் கூரையின் பின்பக்கம். கூரைக்காலின் உச்சியிலிருந்து பின்னால் நிற்கும் பனைமரத்துக்கு மெல்லிய கோடாகச் சில புள்ளிகள்.

"இது இன்னாக்கா? கொடியா?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். மரம், கொடி, ஆடு, நடந்து போகும் ஆள் இவற்றையெல்லாம் நாம் திரையில் அழித்துவிட்டுத்தான் பெட்டியைத் தள்ளுகிறோம். கொடி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவள் ஒரு தட்டில் அதை அழித்திருப்பாள். பச்சை பச்சையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தப் புள்ளிகள் கண்ணி கண்ணியாகக் கோத்திருந்தன. அது சங்கிலி. கூரை தானாக நிமிர்ந்து நிற்கவில்லை, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை.

மேஸ்திரிக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மெமோ வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய சொத்து. டீக்கடையில், கல்யாண வீட்டில், எழவு வீட்டில்கூட அதைச் சொல்லுவார்.

"அத அழிக்காத. இன்னான்னு நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன். அது வரைக்கும் பச்சைன்னு யாராண்டயும் சொல்லாத" என்றேன்.

"நாளைக்கிக் காலையில செக்‌ஷன் இன்ஜினியர் வர்றாருக்கா. பதில் கேப்பாரு."

"அதுக்குள்ள வந்துடறேன்."

மதியமே பஸ் பிடித்துப் போனேன். ஹால்ட்டில் சங்கிலி இல்லை. பனைமரத்தில் அது இறுக்கிய தழும்பு மட்டும் இருந்தது. கூரை லைன் பக்கமாகக் குனிந்து நின்றது, யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பது போல. கூரைக்காலின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளம் வந்து தண்ணீர் தேங்கி நின்ற வருடத்திலிருந்து துருப்பிடித்து, கையில் அப்பளமாக உதிர்ந்தது. அந்தக் கூரையின் கீழே கூடையும் பூவுமாக நாலு பெண்கள் உட்கார்ந்து, வராத வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் ஏஜென்ட் அறைக்குள் புழுக்கம் என்று பெஞ்சில் காலை நீட்டியிருந்தார்.

"இங்க ஒரு சங்கிலி இருந்துச்சே?" என்று கேட்டேன்.

"அது டிராக்டர்காரரோடதுக்கா. கரும்பு லோடு கட்டுறது. மில்லுலேருந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சின்னு அவுத்துக்கினு பூட்டாரு" என்றார் ஏஜென்ட். "அன்னியிலேருந்து கூரை நமக்கு வணக்கம் சொல்லிக்கினு நிக்குது."

கேங் கொஞ்ச தூரத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, வேலியோரம் நிறுத்திக் கேட்டேன்.

"அண்ணா, கூரைய சங்கிலி போட்டு இழுத்துக் கட்டினீங்களா?"

அவர் மறைக்கவில்லை. "ஆமா. பின்ன? பெரிய மெஷின் வருது, ஆபீசர் வராரு, கூரை சாஞ்சிக்கினு நிக்கலாமா? யாரைத் திட்டுவாங்க? கூரை போட்டவன் வேற டிபார்ட்மெண்ட்டு. அவனா வந்து திட்டு வாங்கப்போறான்?"

"நீங்க சொல்லலியா அவுங்களுக்கு?"

"சொல்லாமலா? போறப்ப வரப்ப எல்லாம் சொன்னேன். வாயால சொன்னேன், போன்ல சொன்னேன். 'பாக்கறோம் மேஸ்திரி, பாக்கறோம்.' எங்க பாத்தாங்க?"

"அண்ணா, நீங்க நிமித்துன கூரையத்தான் மெஷின் பாத்துச்சு. கம்ப்யூட்டர் பச்சைன்னு சொல்லிடுச்சு. அத நம்பி டிரான்ஸ்பார்மர் வரும்."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. கூரையைத் திரும்பிப் பார்த்தார். "இது இன்னா பெரிய விசயம்? அன்னிக்கி மட்டும் மறுபடி சங்கிலி வாங்கி இழுத்துக் கட்டிடறேன். லோடு போனதும் அவுத்துடறேன். நீயும் வாய மூடிக்க, நானும் மூடிக்கறேன்" என்றார்.

பொய் சொல்லமாட்டேன், அந்த யோசனை எனக்கும் ஒரு கணம் இனித்தது. யாருக்கும் கெட்ட பேர் இல்லை. லோடும் போய்விடும். நம் தொழிலில் ஆபத்து பெரும்பாலும் இப்படித்தான் வரும், நமக்குப் பிடித்தவர் வாயிலிருந்து நியாயமான குரலில். ஆனால் என் விரலில் அந்தத் துரு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடியில காலே இல்லண்ணா. இழுத்துக் கட்டறப்ப முறிஞ்சா? லோடு வர்றப்ப சங்கிலி நழுவினா?"

"அப்ப இன்னா செய்யச் சொல்ற? நான்தான் கட்டினேன்னு போய் நிக்கவா? போற நேரத்துல ஒரு சார்ஜ் ஷீட் வாங்கிக்கினு வூட்டுக்குப் போவவா?" அவர் குரல் உயர்ந்தது. கேங் திரும்பிப் பார்த்தது. "நீ வேலைக்கி வந்தப்ப உனக்காகப் பேசினது யாரு? நெனப்பு இருக்குதா?"

"இருக்குது. அதனாலதான் நாளைக்கிக் காலையில எங்க ரூமுக்கு வர்ற இன்ஜினியராண்ட சொல்றதுக்கு முன்னாடி உங்களாண்ட வந்தேன்."

"வந்து?"

"மெஷின மறுபடி கொண்டாந்து, கூரை இப்ப இருக்கற மாதிரியே எடுக்கச் சொல்லப்போறேன். சிவப்பு வரும். வரட்டும். நீங்க இத்தினி நாள் வாயால சொன்னீங்க, ஒருத்தனும் கேக்கல. அந்தச் சிவப்பு உங்களுக்குச் சாட்சிண்ணா. நீங்க உங்க சாட்சியத்தான் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டி வச்சிருந்தீங்க."

"சாட்சியாம் சாட்சி. மொதல்ல என் தலையிலதான் விழும்."

"கூரை விழுந்தா அந்தப் பூக்காரிங்க தலையில விழும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேங்கைப் பார்த்து நடந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு மனசு சரியில்லை. ஒரு மனிதரிடம் பட்ட நன்றியும் இன்னொரு பக்கம் பெயர் தெரியாத நாலு தலையும். இதில் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் வலிக்கத்தான் செய்யும். வலிக்காமல் முடிவெடுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு வராது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அது கொடி இல்ல. சங்கிலி. இப்ப அங்க இல்ல. கூரை சாஞ்சி நிக்குது. ஸ்கேன மறுபடி எடுக்கணும்."

"யாருக்கா கட்டினது?"

"லைனு எப்படி இருக்குதுன்னு கேளு, சொல்றேன். யாருன்னு கேட்டா அது என் வாயால வராது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிக்கா, லைனு எப்படி இருக்குதுன்னு மட்டும் பேசலாம்" என்றாள். அவளுக்கு நான் என்றைக்கும் வாத்தியார் மரியாதை கொடுப்பது இந்த மாதிரி சமயங்களுக்காகத்தான்.

செக்‌ஷன் இன்ஜினியர் வந்தார். நல்லவர்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் அவசரம். அந்தப் பெண் திரையைக் காட்டி, பச்சை ஏன் பச்சை இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். சுண்ணாம்பைக் காட்டினாள், சங்கிலியைக் காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், சங்கிலியில் நின்றார்.

"யார் இதைக் கட்டினது?"

அவள் படத்தைக் கூரைக்காலின் அடிக்குத் திருப்பினாள்.

"உங்க பழைய கேங்தானேம்மா அது? உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்டார்.

"கூரைக்கால் அடியில துருப்பிடிச்சிப் போச்சுங்க ஐயா. அது தெரியும். லோடு வந்தா இடிக்கும். அதுவும் தெரியும். நான் கண்ணால பாத்தது இவ்வளவுதான்."

"நான் கேட்டது அது இல்ல."

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். டூட்டி சட்டை, கையில் தொப்பி. கண் சிவந்திருந்தது, அவர் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"நான்தான் சார் கட்டினேன்" என்றார். "மெஷின் வருதேன்னு நல்லா இருக்கட்டும்னு கட்டினேன். அது அப்படியேதான் பாக்கும்னு எனக்குத் தெரியல. அந்தம்மாவக் கேக்காதீங்க. கேக்கறத என்னாண்ட கேளுங்க."

இன்ஜினியர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனையோ நடந்திருக்கலாம். ஒரு கையெழுத்தில் அந்த மனிதரின் கடைசி மாதங்கள் கெட்டுப்போயிருக்கும். அவர் கேட்டது வேறு.

"கூரை சாயுதுன்னு என்கிட்ட சொன்னீங்களா மேஸ்திரி?"

"சொன்னேன் சார். ரெண்டு மூணு தபா."

"சொன்னீங்க. ஞாபகம் இருக்கு. நான் கூரை போட்ட டிபார்ட்மெண்ட்டுக்குச் சொன்னேன், அவங்க பாக்கறோம்னாங்க, நானும் விட்டுட்டேன்." நாற்காலியை முன்னால் இழுத்தார். "சங்கிலி கட்டினது பெரிய தப்பு. லோடு மேல மோதியிருந்தா நானும் நீங்களும் இப்ப வேற இடத்துல நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருப்போம். இன்னொரு தடவ இப்படி ஏதாவது செஞ்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். புரியுதா?"

"புரியுது சார்."

"இப்ப போய், அந்த ஹால்ட்ல ஒரு புல்லைக்கூடத் தொடாதீங்க. இவங்க வந்து எடுக்கட்டும். அதுவரைக்கும் கூரைக்குக் கீழ யாரையும் உட்கார விடாதீங்க."

அன்றே மெஷினைக் கொண்டுபோனோம். மாலை இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. கேங் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றது. பாவம், சும்மா நிற்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. ஒருத்தன் கீழே கிடந்த ஒரு காகிதத்தை எடுக்கக் குனிந்தான். "வுடுடா அத!" என்று மேஸ்திரி அதட்டினார்.

திரையில் பெட்டியைத் தள்ளினோம். ஹால்ட் வந்ததும் கூரை விளிம்பு முழுக்கச் சிவப்பு. பெட்டியின் தோளில் நன்றாகவே ஏறியிருந்தது. அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கி இன்ஜினியரின் போனுக்கு அனுப்பினாள். அவர் யார் யாருக்கோ அனுப்பினார். வாயால் சொன்ன வார்த்தைக்கு இத்தனை காலமாக அசையாதவர்கள், அந்தச் சிவப்பைப் பார்த்ததும் லாரியில் வந்து இறங்கினார்கள். கூரையைப் பிரித்துக் கீழே வைத்தார்கள். கால்கள் இரண்டையும் பிடுங்கியபோது அடியில் பிடிப்பே இல்லை. வந்தவர்களில் ஒருவர், "இது எப்படி இத்தினி நாள் நின்னுச்சு?" என்று மேஸ்திரியையே கேட்டார். "எங்க மேல இருக்கற மரியாதையில நின்னுச்சு சார்" என்றார் அவர்.

பூக்காரப் பெண்களுக்கு மட்டும் என்மேல் கோபம். "இருந்த நிழலையும் புடுங்கிட்டியே யக்கா, உன் மெஷின் நல்லா இருக்குமா?" என்றாள் ஒருத்தி. "புதுக் கூரை வருதுடி" என்றால், "வரும் வரும், எம் பேத்தி கல்யாணத்துக்கு வரும்" என்றாள். அவள் சொன்னதைவிட முன்னாலேயே வந்துவிட்டது. லைனிலிருந்து தள்ளி, முன்னைவிட அகலமாகப் போட்டார்கள். எங்கள் சோரியாங்குப்பத்துப் பெண்ணிடம் கேட்டு, புதுக்கால் நடும் இடத்தையும் முன்கூட்டியே திரையில் வைத்துப் பெட்டியைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் குழி தோண்டினார்கள். இப்போது அந்தப் பூக்காரி என்னைக் கண்டால் கூடையிலிருந்து ஒரு முழம் பூ எடுத்து நீட்டுகிறாள். அன்றைக்குச் சொன்னதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

டிரான்ஸ்பார்மர் ஒரு பகல்பொழுதில் வந்தது. ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. தார்ப்பாய் போர்த்திய ஒரு வீடு தண்டவாளத்தில் நகர்ந்து வருவது மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் கொடியோடு மேஸ்திரி நடந்து வந்தார், இடதும் வலதும் பார்த்துக்கொண்டு. ஹால்ட் வந்தது. பழைய கூரை நின்ற இடத்தில் வெறும் வெளிச்சம். லோடு அதை ஒட்டிக் கடந்துபோயிற்று. சோரியாங்குப்பத்துப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடந்த பிறகுதான் விட்டாள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மெஷின் பொய் சொல்லாது, ஆனால் அதற்குக் காட்டுவதைத்தான் அது பார்க்கும். பச்சையைப் பார்த்தால், இது எந்த நாளின் பச்சை என்று கேளுங்கள். சிவப்பைப் பார்த்தால் யார் செய்தது என்று ஓடாதீர்கள், எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். யார் என்பது, கேட்கிற விதத்தில் கேட்டால், சில சமயம் தானாகவே வாசலில் வந்து செருப்பைக் கழற்றும். லைனில் வேலை செய்கிறவர்கள் குறையை மறைப்பது பெரும்பாலும் திருட்டுத்தனத்தால் இல்லை. பெருமையால். நானும் பெருமைக்காரிதான், அதனால் எனக்குத் தெரியும். அந்தப் பெருமையை அவமானப்படுத்தாமல் வேறு பக்கம் திருப்பிவிட்டால், உங்களுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

மேஸ்திரி ஒரு மெமோவும் வாங்காமலே ஓய்வு பெற்றார். கேங் அவருக்கு மாலை போட்டு, ஜூஸ் கொடுத்து, பேசச் சொன்னது. அவருக்குப் பேச வரவில்லை, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக மேஸ்திரியானவன், "அடுத்த மாசம் மறுபடி ஸ்கேனர் வருதாம்ணா. இன்னா செய்யணும், சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டான்.

"ஒண்ணும் செய்யாதீங்கடா" என்றார். "பல்லுகூட வெளக்காம, எப்படி எந்திரிச்சீங்களோ அப்படியே போய் நில்லுங்க."